முதலில் பேடு, பிறகு கார்

காருக்கு வீட்டு வாசலிலேயே சீலன்ட் போடுகிறவர்கள் இன்று நிறையப் பேர். ஷாம்பூ போட்டுக் கழுவுவது, க்ளே பாரால் தேய்த்து ஒட்டியிருக்கும் துகள்களை எடுப்பது, மெஷினில் பாலிஷ் போடுவது, அதன் மேல் சீலன்ட் பூசுவது, அது மங்கலாகக் காய்ந்ததும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுப்பது என்று ஒவ்வொரு படியையும் வீடியோ பார்த்துக் கவனமாகச் செய்கிறார்கள். எந்த பிராண்டு நல்லது, எத்தனை மாதம் தாங்கும், மேலே இன்னொரு கோட் வேண்டுமா என்று மணிக்கணக்கில் பேசவும் செய்கிறார்கள். ஆனால் அந்த சீலன்ட்டைக் காரில் கொண்டுபோய்ச் சேர்த்த ஃபோம் பேடு மட்டும் வேலை முடிந்ததும் ஒரு மூலையில் கிடக்கும். நாளைக்கோ அடுத்த ஞாயிற்றுக்கிழமையோ, நினைவு வரும்போது கழுவப்படும். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: பேடைக் கழுவுவதை சீலன்ட் போடும் வேலையின் நடுவிலேயே ஒரு படியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பேனலில் பூசி முடித்ததும் முதலில் பேடைக் கழுவுங்கள், அதற்குப் பிறகு காரைத் துடையுங்கள்.

இந்த வரிசையை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் சீலன்ட்டின் குணத்திலேயே இருக்கிறது. பழைய வகை மெழுகை, குறிப்பாக பிரேசிலின் கார்னோபா பனையோலையிலிருந்து எடுக்கும் மெழுகை, எடுத்துக்கொள்ளுங்கள். அது காரின் மேல் படிந்து இறுகும், சூடு பட்டால் இளகும், 80 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டினால் உருகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் அதை ஓரளவுக்கு அசைத்துவிடும். சீலன்ட் அப்படியில்லை. அது செயற்கைப் பாலிமர். பெரும்பாலும் சிலிக்கோன் வகைப் பாலிமர்கள், சிலவற்றில் அக்ரிலிக் பிசின்கள், இவற்றைச் சுமந்துவரும் பெட்ரோலியக் கரைப்பான்கள் என்று கலந்து செய்கிறார்கள். பூசியதும் கரைப்பான் ஆவியாகிறது. மிஞ்சும் பாலிமர் பெயின்ட்டைப் பற்றிக்கொண்டு இறுகத் தொடங்குகிறது. முழுவதும் இறுகப் பல மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் சீலன்ட் போட்ட காரை அன்றைக்கு நனைக்க வேண்டாம் என்கிறார்கள். இறுகிய பிறகு மழைக்கும் ஷாம்பூவுக்கும் வெயிலுக்கும் அசையாமல் மாதக்கணக்கில் நிற்க வேண்டும் என்றுதானே அதற்குக் காசு கொடுக்கிறோம்? காரின் மேல் சோப்புக்கு மசியாத பொருள், பேடுக்குள் இறுகிய பின் மட்டும் சோப்புக்கு மசிந்துவிடுமா?

பேடு எதனால் ஆனது என்பதையும் சேர்த்து யோசித்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பாலிஷ் பேடுகள் பாலியூரிதேன் ஃபோம். இன்றைய கார்களின் மேல் இருக்கும் கிளியர் கோட்டுகளில், குறிப்பாக ஒர்க்‌ஷாப்பில் மறுபடி பெயின்ட் அடிக்கும்போது போடும் இரு பாகக் கிளியர் கோட்டுகளில், பலவும் அதே பாலியூரிதேன் குடும்பம்தான். ஒன்றைப் பற்றிக்கொள்ளும் சீலன்ட் மற்றதை விட்டுவிடும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. அதோடு காரின் மேற்பரப்பு வழவழப்பானது, பேடு அப்படியல்ல. அதற்குள் கண்ணுக்கு எட்டாத ஆயிரக்கணக்கான சிறு அறைகள், ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு வழி. மெஷின் சுற்றச் சுற்ற சீலன்ட் இந்த அறைகளுக்குள் இறங்குகிறது. அழுத்தினால் கொஞ்சம் வெளியே வரும், விட்டால் மறுபடி உள்ளே போகும். காரில் தேவைக்கு மேல் இருப்பதைத் துணி துடைத்தெடுத்துவிடுகிறது. பேடுக்குள் தேவைக்கு மேல் இருப்பதை நாம் எடுத்தால்தான் உண்டு.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? காய்ந்த பேடைக் கையில் எடுத்து விளிம்பைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாலே தெரியும். நடுப்பகுதி மெத்தென்று உள்ளே போகும். விளிம்பிலும், பாட்டிலிலிருந்து சொட்டு சொட்டாக வைத்த இடங்களிலும் விரலுக்கு ஒரு விறைப்பு தட்டுப்படும். இன்னும் அழுத்தினால் மெல்லிய நொறுங்கல், விரலில் வெள்ளையாகத் தூசி. அந்த விறைத்த இடங்கள்தான் அடுத்த முறை காரின் மேல் சுற்றப்போகின்றன. பெரும்பாலான கார்களில் கிளியர் கோட்டின் தடிமன் 50 மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும், ஒரு தலைமுடியைவிடவும் மெல்லியது. காய்ந்த சீலன்ட் துகள் மணலைப் போலக் கீறிவிடாது என்பது உண்மை. ஆனால் விறைத்த இடத்தில் தெருத்தூசி ஒட்டினால் அது உள்ளே அமுங்காமல் முகத்திலேயே நிற்கும், நின்று வட்ட வட்டமாக மெல்லிய கோடுகளைப் போடும். வெள்ளைக் காரில் அது கண்ணில் படாமல் போகலாம். கறுப்பு, கருநீலக் கார்களில் வெயில் படும்போது சிலந்தி வலை பின்னியதுபோலத் தெரியும். அந்தக் கோடுகளை எடுக்கத்தான் முதலில் பாலிஷ் போட்டோம்! கீறலே விழவில்லை என்று வைத்துக்கொண்டாலும், விறைத்த பேடு சீலன்ட்டைச் சீராகப் பரப்பாது. ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் வெறுமையாகவும் பூசும், துடைக்கும்போது திட்டுத் திட்டாக நிற்கும்.

ஆகவே கழுவ வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. எப்போது என்பதுதான் கேள்வி. அதற்கான பதிலை சீலன்ட்டே தருகிறது. பெரும்பாலான சீலன்ட்டுகளைப் பூசியதும் துடைக்கச் சொல்வதில்லை. பாட்டிலுக்குப் பாட்டில் நேரம் மாறினாலும், கால் மணி, அரை மணி, சிலவற்றுக்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கச் சொல்கிறார்கள். இந்தக் காத்திருக்கும் நேரத்தில் கரைப்பான் முழுவதும் போயிருக்காது, பாலிமர் இறுகியிருக்காது. பேடுக்குள் இருப்பது இன்னும் பாதி ஈரம். சோப்பு நீர் அதைப் பிரித்து வெளியே கொண்டுவர இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஒரு பேடைக் கழுவப் பத்து நிமிடம் போதும். கார் தன் பாட்டுக்குக் காயட்டும், நீங்கள் குழாயடிக்குப் போங்கள். சுவருக்கு எனாமல் அடிக்கும் பெயின்டர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போதுகூட பிரஷ்ஷை டர்பன்டைனில் போட்டுவிட்டுத்தான் போகிறார். அவருக்குத் தெரிந்த கணக்குதான் இதுவும். நம் ஊர்ச் சூட்டில் இந்த இடைவெளி இன்னும் குறுகும். ஏப்ரல், மே மாதத்தில் நிழலில் நிறுத்திப் பூசினாலும் கரைப்பான் சீக்கிரம் போய்விடும். குளிர்நாட்டுக்காரர் வீடியோவில் சொல்லும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

“நான் பேடைக் கழுவப் போய்விட்டால் காரின் மேல் சீலன்ட் அதிகமாகக் காய்ந்து துடைக்க வராமல் போய்விடாதா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மெல்லிசாகப் பூசியிருந்தால் பத்து நிமிடத்தில் எதுவும் கெட்டுவிடாது. தடிப்பாகப் பூசினால்தான் துடைக்கும்போது கை வலிக்கும், தடிப்பாகப் பூசுவதில் லாபமும் இல்லை. பெயின்ட்டோடு ஒட்டுவது மெல்லிய படலம் மட்டுமே, மேலே நிற்பது எல்லாம் துணிக்குத்தான் போகும். நடுத்தரக் கார் ஒன்றுக்கு 20, 30 மில்லி போதும். பேனலுக்குப் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு வைத்து, இழுக்கும்போது ஆவி படிந்ததுபோல் மங்கலாகத் தெரிந்தால் அதுவே சரியான அளவு. சொல்லப்போனால் பேடைக் கழுவும் வேலை இங்கேயே பாதி முடிந்துவிடுகிறது. குறைவாகப் பூசினால் பேடுக்குள் தங்குவதும் குறைவு. சந்தேகமாக இருந்தால் குழாயடிக்குப் போகும் முன் ஒரு பேனலில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஈரமாக இழுபட்டால் இன்னும் நேரம் இருக்கிறது. சுத்தமாகப் பளிச்சென்று கோடு விழுந்தால், பேடை சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு முதலில் காரைத் துடையுங்கள். வாளியில் போட்டு வைப்பது கழுவுவதற்குச் சமம் ஆகாது; ஆனாலும் பேடு காய்ந்து இறுகுவதைத் தள்ளிப்போடும். அரை மணி நேரத்துக்கு அது போதும். ராத்திரி முழுக்க ஊறப்போடுவது வேறு விஷயம். அதில் ஃபோமையும் பின்பக்க வெல்க்ரோவையும் ஒட்டியிருக்கும் பசை தளர்ந்துவிடும்.

கழுவும் முறை எளிதுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. முதலில் பேடின் முகத்தை ஒரு பழைய துணியில் அழுத்தி, வரும் சீலன்ட்டை உறிஞ்சிவிடுங்கள். பிறகு தண்ணீர் விடும் முன்பே சோப்பைப் போடுங்கள். சீலன்ட் தண்ணீரைத் தள்ளும் பொருள். வெறும் தண்ணீரில் முதலில் நனைத்தால் தண்ணீர் அறைகளை அடைத்துக்கொள்ளும், சோப்பு உள்ளே போகாது. பாத்திரம் கழுவும் லிக்விட் போதுமானது. கடையில் கிடைக்கும் ஆல் பர்ப்பஸ் கிளீனரை 1 பங்குக்கு 10 பங்கு தண்ணீர் என்று கலந்து தெளித்தால் எண்ணெய்ப் பசையை இன்னும் நன்றாக எடுக்கும். இரண்டு மூன்று நிமிடம் விட்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்தி அழுத்தித் தள்ளுங்கள். விளிம்பில் மட்டும் பழைய டூத்பிரஷ்ஷால் மெல்லத் தேயுங்கள். பிறகு ஃபோம் கீழே பார்க்கும்படி பிடித்துக் குழாய் நீரில் காட்டி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துத் தட்டையாக அழுத்துங்கள். முதல் அழுத்தலில் வரும் தண்ணீர் மோர் போல வெள்ளையாக இருக்கும். சோப்பு பிடித்துக்கொண்ட சீலன்ட் துளிகள் தண்ணீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெள்ளை அது. அடுத்தடுத்த அழுத்தலில் வெளுப்பு குறையும், பிறகு நுரை மட்டும் வரும், கடைசியில் நுரையும் நின்று வெறும் தண்ணீர் வரும். அதுவரை நிறுத்தாதீர்கள். நுரை மிச்சமிருந்தால் அடுத்த முறை புது சீலன்ட்டோடு அந்தச் சோப்பும் காரில் ஏறி, படலத்தை ஒட்டவிடாமல் செய்யும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. துணி பிழிவதுபோல் பேடை முறுக்காதீர்கள். ஃபோம் கிழிவதும் வெல்க்ரோவிலிருந்து விட்டுக்கொள்வதும் பெரும்பாலும் முறுக்குவதால்தான். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், கை தாங்கும் வெதுவெதுப்புக்கு மேல் போனால் பசை இளகும். பிளீச்சிங் பவுடரும் குளோரின் கலந்த திரவங்களும் பாலியூரிதேனை அரித்துவிடும். இறுகிப்போன பேடைக் காப்பாற்ற தின்னரோ பெட்ரோலோ ஊற்றுகிறவர்களும் உண்டு. ஃபோம் உப்பிப் பலவீனமாகும், பசை கரையும், இதற்கெல்லாம் மேல் தீப்பிடிக்கும் ஆபத்து. அப்படி ஒரு நிலைக்கு வந்த பேடு போய்விட்டது என்று ஒப்புக்கொள்வதே நல்லது. வாஷிங் மெஷினிலும் போட வேண்டாம். உருட்டிப் புரட்டும் வேகம் பேடின் விளிம்பைப் பிய்க்கும், சிலிக்கோன் பிசுக்கு டிரம்மிலும் அடுத்து போடும் துணியிலும் ஒட்டும். தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது. கட்டிச் சோப்பை அதில் போட்டால் நுரைக்குப் பதிலாகத் திரிதிரியாகப் பிரிந்து ஃபோமுக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் திரவ டிடர்ஜென்ட் வகையே நல்லது. கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீரோ ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ ஒரு குவளை இருந்தால் பேடு காய்ந்த பிறகு உப்புப் பூத்து நிற்காது.

உலர்த்துவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பிழிந்த பேடை ஒரு மைக்ரோஃபைபர் துணியில் வைத்து அழுத்தி ஈரத்தை ஒற்றியெடுத்து, ஃபோம் கீழே, வெல்க்ரோ மேலே என்று ஒரு கம்பித் தட்டில் வையுங்கள். தண்ணீர் பசை இருக்கும் பக்கத்தில் தேங்காமல் கீழே வடியும். மெஷினில் மாட்டி, ஒரு காலி வாளிக்குள் இறக்கி, குறைந்த வேகத்தில் சில நொடி சுற்றினாலும் தண்ணீர் தெறித்து வெளியேறும். வெயிலில் போடாதீர்கள். வெயில் பட்டால் பாலியூரிதேன் ஃபோம் மஞ்சளாகி, நாளடைவில் தொட்டாலே உதிரும். நிழலில், ஃபேன் காற்றில் ஒரு நாள் விடலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இரண்டு நாள்கூட ஆகும். வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் நடுவில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தோடு பையில் போட்டுக் கட்டினால் பூஞ்சை பிடிக்கும், அப்படியே எடுத்து சீலன்ட் பூசினால் தண்ணீரும் கரைப்பானும் சேராமல் கோடு கோடாக நிற்கும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். ஒன்று: “சீலன்ட் என்ன அழுக்கா? பேடில் கொஞ்சம் இருந்தால் அடுத்த முறை குறைவாக ஊற்றலாம். ஜிப் பையில் போட்டு வைத்தால் போதும்.” மெழுகுக்கு இது ஓரளவு பொருந்தும், ஏனென்றால் மெழுகு மறுபடி இளகும். சீலன்ட்டுக்கும் சில மணி நேரம் வரை பொருந்தும். அன்றைக்கே இரண்டாவது கார் காத்திருந்தால் காற்றுப் புகாத பையில் போட்டு வைப்பதில் தவறில்லை. ஆனால் நாம் பேசுவது அடுத்த சில மணி நேரத்தைப் பற்றி இல்லை, அடுத்த சில மாதத்தைப் பற்றி. பேடு உள்ளே போகும்போதே அதன் அறைகளில் காற்று இருக்கிறது, கரைப்பான் ஆவியாகப் பைக்குள்ளும் இடம் இருக்கிறது. நான்கு மாதம் கழித்து அந்தப் பையைத் திறந்தால் கிடைப்பது விளிம்பு விறைத்த பேடுதான்.

இரண்டு: “ஒவ்வொரு முறையும் கழுவினால் பேடு சீக்கிரம் தேய்ந்துவிடும்.” பேடைக் கெடுப்பது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வேகமாகச் சுற்றும்போது நடுவில் ஏறும் சூடு, முறுக்கிப் பிழிவது, வெந்நீர், வெயில், இவைதான் ஃபோமையும் பசையையும் தளர்த்துகின்றன. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் தட்டையாக அழுத்துவதில் இவற்றில் எதுவுமே இல்லை. சீலன்ட் பூசும்போது மெஷின் குறைந்த வேகத்தில்தான் ஓடுகிறது என்பதால், கீறல்களைத் தேய்த்தெடுக்கும் காம்பவுண்ட் போடும் பேடைவிட இந்தப் பேடுக்குத் தேய்மானமும் குறைவு. ஒழுங்காகக் கழுவினால் ஒரு வீட்டுக் காருக்கு ஒரே பேடு வருஷக்கணக்கில் வரும்.

மூன்று: “விலை குறைந்த பேடு வாங்கி, போட்டு முடித்ததும் தூக்கிப்போட்டால் என்ன?” காசுக்கணக்கில் சிலருக்கு இது சரியாகக்கூட வரலாம். ஆனால் பாலியூரிதேன் ஃபோம் ஒருமுறை உருவான பின் உருக்கி மறுபடி வார்க்க முடியாத பொருள். மண்ணில் எளிதில் மட்கவும் மட்காது. பத்து நிமிடச் சோம்பலுக்காக அப்படிப்பட்ட ஒன்றைக் குப்பைமேட்டுக்கு அனுப்புவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஒரு விதிவிலக்கை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். செராமிக் கோட்டிங் பூசும் துணியையும் ஸ்பாஞ்சையும் கழுவிப் பயன்படுத்தக் கூடாது. அந்தக் கோட்டிங் கண்ணாடிபோல் கடினமாக இறுகும், இறுகிய துகள் நிச்சயமாகக் கீறும், எந்தச் சோப்பும் அதை எடுக்காது. இந்த விதிவிலக்கும் என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. எவ்வளவு கடினமாக இறுகுமோ அவ்வளவு குறைவு கழுவக் கிடைக்கும் நேரம். மெழுகுக்கு அவகாசம் தாராளம், செராமிக்குக்கு அனேகமாக இல்லை. சீலன்ட் நடுவில் இருக்கிறது, அதன் அவகாசத்தை நாம் வீணாக்காமல் இருந்தால் போதும்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் ஒரு பேடு ஒரு வேலைக்குத்தான். காம்பவுண்ட் போட்ட பேடில் அலுமினியம் ஆக்ஸைடு போன்ற தேய்க்கும் துகள்கள் கொஞ்சமாவது தங்கியிருக்கும், அதில் சீலன்ட் பூசக்கூடாது. சீலன்ட் பேடில் சிலிக்கோன் வழவழப்பு கொஞ்சமாவது தங்கியிருக்கும், அதில் பாலிஷ் போட்டால் துகள்கள் பிடிமானமில்லாமல் வழுக்கும். பேடின் நிறத்தை நம்பிப் பிரித்து வைக்கவும் முடியாது, அது பிராண்டுக்கு பிராண்டு மாறும். மஞ்சள் என்றால் லேக் கன்ட்ரி பேடுகளில் கடுமையாக வெட்டும் வகை, மெக்வயர்ஸில் நடுத்தரப் பாலிஷ் வகை. அதனால் வெல்க்ரோ ஓரத்தில் அழியாத மார்க்கரால் ‘சீலன்ட்’ என்று எழுதி, நன்றாகக் காய்ந்த பின் தனிப் பையில் வையுங்கள். அடுத்த முறை பாட்டிலைத் திறக்கும் முன்பே ஒரு வாளித் தண்ணீர், சோப்பு, ஒரு பழைய டூத்பிரஷ் மூன்றையும் குழாயடியில் எடுத்து வைத்துவிடுங்கள். கடைசிக் கதவில் பூசி முடித்ததும் துணியைத் தொடாதீர்கள். மெஷினிலிருந்து பேடைக் கழற்றிக்கொண்டு நேராகக் குழாயடிக்குப் போங்கள்.